31,000 கிலோமீட்டர் காரும் 12 வயது பெல்ட்டும்

செம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கார் அது. வெள்ளை நிற சான்ட்ரோ, 2012 மாடல். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளித் தண்ணீரும் பழைய பனியனுமாக அவர் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவே வாங்கிய வண்டி. அந்த அம்மா தவறி மூன்று வருடமாகிறது. அதன் பிறகு கார் பெரும்பாலும் கவர் போட்டபடியே நின்றது.

எதிர்வீட்டில் இருக்கும் பள்ளி ஆசிரியைக்கு இப்போது ஒரு கார் தேவை. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோவுக்கு போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

"நம்ம வண்டியையே எடுத்துக்கோம்மா. வெறும் 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஒரு கீறல் கிடையாது" என்றார் பெரியவர்.

பேசிய விலை 1,10,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கேட்கத் தயக்கம். அப்பா மாதிரிப் பழகும் மனிதர், சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டால்? இரண்டு நாள் யோசித்து, ஒரு வழியாகக் கேட்டேவிட்டார்.

"தாராளமாப் பாரும்மா. இதுல என்ன இருக்கு?" என்றார் அவர். சிரித்தார்தான். ஆனாலும் முகம் கொஞ்சம் வாடியது.

காமராஜபுரத்தில் இருந்து மெக்கானிக் வந்தார். டயர், ஆயில், ரேடியேட்டர், அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். "வண்டி நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றவர், பானெட்டைத் திறந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

"டைமிங் பெல்ட் எப்ப சார் மாத்தினீங்க?"

"பெல்ட்டா? போன வருஷம் கீச்சுனு சத்தம் வந்துச்சு. உடனே மாத்திட்டேனே!"

"அது வெளியில தெரியற ஃபேன் பெல்ட் சார். நான் கேக்கறது உள்ள இருக்கறது. அது சத்தமே போடாது."

பழைய கார் வாங்கும் பலரும் தடுமாறும் இடம் இதுதான். இன்ஜினின் அடியில் பிஸ்டன்களோடு சேர்ந்து சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று முடிந்தால் மேலே சரியாக ஒரு சுற்று முடிய வேண்டும். இந்தத் தாளக்கட்டைக் காப்பதுதான் டைமிங் பெல்ட். உள்ளே உறுதியான இழைகள் வைத்து, பல் பல்லாக வார்த்த ரப்பர் பட்டை. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அதில் ஒரு பல் நழுவினாலும் தாளம் தப்பும். பெல்ட் அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல இன்ஜின்களில், திறந்தபடி நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும். ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.

இந்த ரப்பர் பெல்ட் 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனக் காரில் வந்தது. பெரிய அளவில் தயாரான கார்களில் அதுதான் முதல். நம் ஊர் அம்பாசடரில் இருந்தது இரும்புச் சங்கிலி. மாருதி 800-ல் பெல்ட். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து 1998-ல் வெளிவந்த சான்ட்ரோவிலும் பெல்ட்தான். பின்னால் வந்த ஆல்ட்டோ கே10 போன்றவை மறுபடி சங்கிலிக்குத் திரும்பின. சங்கிலி நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஆயிலைக் கவனிக்காவிட்டால் அதுவும் தளர்ந்து கடகடக்கும். எனவே, வாங்கப்போகும் காரில் இருப்பது பெல்ட்டா, சங்கிலியா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெக்கானிக் மேல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். கறுப்பாக, முழுசாகத் தெரிந்தது பெல்ட். ஒரு பல்கூட உடையவில்லை. பெரியவருக்கு மூச்சு வந்தது. "பாத்தியாம்மா, புதுசு மாதிரி இருக்கு."

"இருங்க சார்." சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கீழே கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றினார். பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் பற்களின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. பெல்ட்டின் முதுகு வழவழவென்று பளபளத்தது. "நகத்தால அழுத்திப் பாருங்க மேடம்." ஆசிரியை அழுத்தினார். பதியவே இல்லை. ரப்பர் இறுகிப்போயிருந்தது.

ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, ஆயிலோ கூலன்ட்டோ கசிந்து பெல்ட்டில் ஊறியிருக்கிறதா, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளை கரகரக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்.

"வெடிப்பு இருந்தா மோசம்னு சொல்லிடலாம். வெடிப்பு இல்லன்னா நல்லதுன்னு சொல்ல முடியாது. இப்ப வர்ற பெல்ட் ரப்பர்ல கடைசி வரைக்கும் வெடிப்பே தெரியாம இருக்கலாம். கண்ணை நம்பக் கூடாது மேடம், பில்லைத்தான் நம்பணும்."

பெரியவர் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். முதல் சர்வீஸில் இருந்து ஒவ்வொரு பில்லும் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் நீல மையில் தேதியும் கிலோமீட்டரும். மனைவியின் கையெழுத்து. பேட்டரி, டயர், ஏசி கேஸ், வைப்பர் ரப்பர் வரை இருந்தது. கடைசி மூன்று வருடத்துப் பில்கள் மட்டும் எதுவும் எழுதாமல் செருகப்பட்டிருந்தன. இரண்டு தடவை புரட்டினார்கள். டைமிங் பெல்ட் பில் மட்டும் இல்லை.

"அவ எதையும் விட்டிருக்க மாட்டா" என்றார் பெரியவர் மெதுவாக. "அப்போ மாத்தவே இல்லை."

பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. காருக்குக் கார் வித்தியாசம் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று காரோடு வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். ஓடாமல் நிற்கிற காரிலும் ரப்பருக்கு வயதாகும். 31,000 என்ற எண்ணைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த எண்தான் பெல்ட்டின் 12 வயதை மறைத்திருந்தது. பெரியவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கே தெரியாதது அவருடைய காரில் இருந்தது, அவ்வளவுதான்.

"எவ்வளவுப்பா ஆகும்?" என்று கேட்டார்.

"பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குப் பக்கத்துல வரும் சார். அறுந்து வால்வு வளைஞ்சா முப்பதாயிரம்கூட ஆகலாம். அதைவிட, மெயின் ரோட்ல பஸ்ஸுக்கு முன்னாடி வண்டி ஆஃப் ஆனா ஸ்டியரிங் கல்லாயிடும். பிரேக்கும் ரெண்டு மூணு மிதிக்கு மேல இறுகிடும்."

ஆசிரியை விலையில் ஐயாயிரம் குறைத்துக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெரியவர் முந்திக்கொண்டார்.

"நானே மாத்தித் தரேன்மா. ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் அவளை இதுலதான் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒண்ணும் ஆகலை, கடவுள் புண்ணியம். உங்கப்பாவை உக்கார வெச்சு ஓட்டப்போற வண்டி. தெரிஞ்சும் அப்படியே கொடுக்க எனக்கு மனசு வராது."

பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? விற்கிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். அதில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். மாற்றும்போது டென்ஷனரையும் மாற்றுங்கள். அந்த பெல்ட்டே தண்ணீர் பம்ப்பையும் சுற்றும் இன்ஜின் என்றால் பம்ப்பையும் கையோடு பார்த்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. விற்கிறவருக்கும் அது நல்லதுதான்.

அடுத்த வாரம் கார் எதிர்வீட்டு வாசலுக்கு மாறியது. சாவியோடு ஃபைலையும் கொடுத்தார் பெரியவர். கடைசியாகச் செருகியிருந்தது புது பெல்ட்டின் பில். ஆசிரியை பேனாவை எடுத்து அதன் மூலையில் தேதியை எழுதினார். பக்கத்தில், 31,046 கி.மீ.