குத்தகைக்கு வந்த ராஜ்யம்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரிப் பையன் ஒருவன், சென்ற மாதம் ஒரு கதையைக் கொண்டுவந்து கொடுத்தான். நட்சத்திர மண்டலக் கதை. இரண்டு பெரிய கிரகங்கள் சண்டை போடுகின்றன. ஜயித்த கிரகம், இடையிலே இருக்கும் மூன்றாவது கிரகத்தில் ஒரு ராஜாவை உட்கார்த்தி வைக்கிறது. ராஜாவுக்குக் கொடி உண்டு, அரண்மனை உண்டு, பீரங்கி மரியாதையும் உண்டு. ஆகாயக் கப்பல்கள் மட்டும் கிடையாது. அவை ஜயித்தவர்களுடையவை.

"இதெல்லாம் நம்பும்படி இருக்குமா, ஸார்?" என்று கேட்டான்.

"தம்பி, நீ இப்போது செருப்பைக் கழற்றிப் போட்டாயே, அந்த மண்ணிலேயே நடந்த கதை இது" என்றேன்.

அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பரங்கிமலையைத் தாண்டித்தான் போகிறோம். 1759 பிப்ரவரியில் அந்த மலையடிவாரத்தில் ஒரு சண்டை நடந்தது. லாலியின் பிரெஞ்சுப் படை அப்போது சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. தெற்கேயிருந்து வந்த கம்பெனிப் படை இங்கே அதனோடு மோதியது. யூசுப் கானும் அதில் இருந்தான். மறு வருஷம் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். 1761ல் புதுச்சேரியும் விழுந்தது. இத்தனை ரத்தமும் யாருக்காக? ஏட்டளவில், ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்காக.

1763ல் பாரிஸில் சமாதான உடன்படிக்கை எழுதினார்கள். முகம்மது அலிதான் கர்நாடகத்துக்கு நியாயமான நவாப் என்று அதில் ஒரு ஷரத்து. நவாபும் அங்கே இல்லை. அவர் பிரஜைகளில் ஒருவரும் இல்லை. அதே ஷரத்தில் தக்காணத்து சுபேதாராக சலாபத் ஜங்கையும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரை அவர் தம்பி நிஜாம் அலி 1762லேயே பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்துவிட்டார்! கப்பல் ஐரோப்பா போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்த காலம் அது. அணைந்துபோன நட்சத்திரத்தின் ஒளி வெகு காலம் கழித்து நம் கண்ணுக்கு வருவதாகச் சொல்கிறார்களே, அப்படித்தான் சலாபத் ஜங்கின் அதிகாரம் பாரிஸ் போய்ச் சேர்ந்தது.

முகம்மது அலியின் சங்கதி வேறு. அவருக்காக ஜயித்தவர்கள் கணக்கு நோட்டோடு வந்தார்கள். போர்ச் செலவு அவர் தலையில் ஏறிற்று. 1763ல், தாம்பரத்தைச் சுற்றியுள்ள இந்தச் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி என்ன செய்தது? அதே சீமையை அவருக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை நவாப் தம்முடைய நிலத்துக்குத் தாமே குத்தகைதாரர்.

இதைப் படித்தபோது எனக்குச் சரித்திர ஞாபகம் வரவில்லை. என் தாத்தாவின் தமையனார் ஞாபகம்தான் வந்தது. பங்காளித் தகராறில் அவருக்காக ஒரு உறவினர் கோர்ட்டுச் செலவு முழுவதையும் ஏற்று வழக்கை ஜயித்துக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் நிலம் செலவுக் கணக்கில் போயிற்று. பெரிய தாத்தா அதே வயலைக் குத்தகைக்கு உழுதார். ஊரார் கடைசி வரையில் அவரை "மிராசுதார்" என்றே அழைத்தார்களாம். "தோத்திருந்தா அழுதுட்டு எழுந்திருப்பார். ஜயிச்சதாலே எழுந்திருக்கவே தெரியலே" என்பாள் என் பாட்டி.

பையன் தன் கதையில் அந்த ராஜாவை வில்லனாக்கியிருந்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிப்பட்ட ராஜா பெரும்பாலும் கெட்டவர் அல்ல, கடன்காரர். முகம்மது அலி 1768ல் கோட்டைப் பீரங்கிக்கு எட்டும் தூரத்திலேயே சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறினார். கம்பெனிக்குக் கட்டப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களே தங்கள் சொந்தக் கணக்கில் வட்டிக்குக் கொடுத்தார்கள். பால் பென்ஃபீல்டு என்பவர் அதில் பேர்போனவர். இந்தக் கடன்களைப் பற்றி 1785ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டிலே கர்ஜித்தார். கர்ஜனையால் கடன் தீரவில்லை. 1801ல் அடுத்த நவாப் இறந்ததும், உடன்படிக்கைக்கு இசைந்த ஒரு வாரிசைக் கம்பெனி பொறுக்கி எடுத்து, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கிவிட்டு, ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. 1855ல் கடைசி நவாப் பிள்ளையில்லாமல் இறந்தார், பட்டமும் முடிந்தது.

ஆனாலும் நவாபுக்கு மாளிகையாவது மிஞ்சியது. கடனை உண்மையில் கட்டியவன் யார்? இந்தச் சீமைக் குடியானவன்தான். வட்டிக்குப் பிணை அவனுடைய நெல். 1780ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது சூறையானதும் அவன் கிராமந்தான். யாருக்குச் சொந்தம் என்று நிச்சயமில்லாத ஊரில் ஏரிக்கரையை யார் பார்ப்பார்கள்? 1794ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைப் பழுது பார்த்ததை, அங்கே ஏரி காத்த ராமர் கோயிலில் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். கரையைக் காத்தவர் ராமர் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை. நவாப் குத்தகைதாரர், கம்பெனி கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கும் ஈட்டிக்காரன். பிறகு குடியானவன் வேறு யாரைத்தான் கூப்பிடுவான்?

நட்சத்திரங்களுக்கு நடுவே எந்தக் கிரகத்தில் இப்படி ஒரு ராஜ்யம் ஏற்பட்டாலும், அங்கேயும் ஒரு ஏரி இருக்கும். அதற்குக் கீழே நாலு காணி வயல் இருக்கும். உடன்படிக்கையில் அதன் பெயர் வராது. கதை எழுதுகிறவர்கள் அரண்மனையை வர்ணித்த பிறகாவது அந்த ஏரிக்கரையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது என் ஆசை.