வெயிலுக்கும் சேர்த்து ஒரு அளவு

பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்தான்.
"அண்ணா, கேம் செட்டிங்ல ஷேடோவைக் குறைச்சேன். பத்து எஃப்பிஎஸ் ஏறிடுச்சு!"

எங்க நின்னுடா பாத்தேன்னு கேட்டேன்.

முதல்ல பாத்தது கேமுக்குள்ள நடுரோட்ல, அத்தனை வண்டிக்கும் நடுவுல.
அப்புறம் பாத்தது ஒரு சந்துல, சுவரைப் பாத்தபடி.

போதாததுக்கு முதல்ல அளந்தது லால்குடி மே மாச மத்தியானம். ரெண்டாவது, ராத்திரி மொட்டைமாடியில.

சூடேறினா லேப்டாப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். இதுல ஷேடோ பண்ணது எவ்வளவு, வெயில் பண்ணது எவ்வளவு?

அதனால ஒரே காட்சியில அளக்கணும். சைபர்பங்க் 2077ல பெஞ்ச்மார்க் உள்ளேயே இருக்கு. எப்ப ஓட்டினாலும் அதே காட்சி. அது இல்லாத கேம்னா ஒரே சேவ், ஒரே தெரு, ஒரே நடை.
ஒரு நேரத்துல ஒரு செட்டிங்தான் மாத்தணும். வி-சிங்க் ஆஃப்ல இருக்கட்டும்.
முதல் ஓட்டம் கணக்குல வேண்டாம், ஷேடர் கம்பைல் ஆகறப்போ திக்கும்.
சார்ஜர்லயே அளங்க. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினா நம்பர் மொத்தமா இறங்கிடும்.

சராசரியை மட்டும் நம்பறவங்களைப் பாத்தா எனக்கு ஆதங்கமாத்தான் இருக்கு.
60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். நடுவுல ஒண்ணு 100 எடுத்துக்கிச்சுன்னா சராசரி பெருசா அசையாது. ஆனா கை உடனே கண்டுபிடிச்சிடும்.
அதனாலதான் 1% லோவையும், அதாவது ரொம்ப மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களோட வேகத்தையும், பாருங்கங்கறேன். கேப்ஃபிரேம்எக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் அதை இலவசமாவே காட்டும்.

தம்பி புது லேப்டாப்புக்குக் காசு சேக்கறான். அதுக்கு முன்னாடி இருக்கறதை ஒழுங்கா அளந்து பாத்துடணும்னு எனக்கு ஆசை.

ஏசி இல்லாத ரூம்ல, இந்த வெயில்ல, நீங்கல்லாம் எந்த நேரத்துல அளக்கறீங்க?