சோலைக்குள் ஒரு காலைப்பொழுது

உதகைக்குச் செல்வோர் பலரும் மலர்ப் பூங்காவையும் ஏரியையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலைக்குச் சென்றோம்.

வழியெங்கும் சீராகக் கவாத்துச் செய்யப்பட்ட தேயிலைத் தோட்டங்கள். சோலைக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்தது. குட்டையான, முறுக்கேறிய மரங்கள், கிளைகளில் பாசி, காலடியில் மெத்தையென உதிர்ந்த சருகுகள். எங்கோ மறைவிலிருந்து நீலகிரிக்கே உரிய சிரிப்பான் பறவை குரல் எழுப்பியது.

"அப்பா, இங்கே நேற்று மழை பெய்ததா?" என்று கேட்டாள் இளைய மகள். மழை பெய்து பல நாட்களாகியிருந்தன. ஆயினும் மண் ஈரமாகவே இருந்தது.

அதுவே சோலையின் சிறப்பு. பெய்யும் மழையைச் சருகும் மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு வழங்குகின்றன. சுமார் 116 ஹெக்டேர் பரப்பே உடைய இக்காடு, கீழேயுள்ள பல சிற்றூர்களின் தாகம் தீர்க்கிறது. 2024இல் இது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

முன்பு நீலகிரியின் மேட்டுப் பகுதிகளில் சோலைகளும் புல்வெளிகளும் பரந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டு முதல் தேயிலையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ், வாட்டில் மரங்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சோலையை அழித்து மரம் நட்டுவிடலாம். நட்ட மரங்களால் சோலை ஆகிவிட முடியாது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தேநீர் அருந்தினோம். இலை தந்தது தோட்டம். நீர் தந்தது சோலை. மிட்டாய்த் தாளைக் கீழே எறியாமல் மகள் தன் பைக்குள் வைத்துக்கொண்டதைக் கண்டேன். வந்த பயன் கிடைத்துவிட்டது.