சுவருக்குள் நிற்கும் தூண்கள்

மணவாழ்வின் வெள்ளி விழாவையொட்டி இத்தாலி சென்று திரும்பிய நம் பங்குத் தம்பதியர் நம்மைக் காண வந்தனர். கணவர் பரம்பரைக் கத்தோலிக்கர். மனைவியோ இந்துக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர். சிசிலித் தீவின் பழங்கோயில்களைப் பற்றிக் கணவர் ஓயாது பேசினார். அம்மையார் சிராக்கூசா நகர்ப் பேராலயத்தின் படமொன்றை மட்டும் நம்மிடம் காட்டினார்.

சிராக்கூசா நாம் அறிந்த பெயரே. புனித பவுலடியார் உரோமைக்குச் செல்லும் வழியில் மூன்று நாள் தங்கிய துறைமுகம். புனித லூசியம்மாள் வேதசாட்சியாக மரித்த ஊர். அங்கே கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் அத்தேனா தேவிக்கு எழுப்பிய கோயிலே கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் ஆலயமாயிற்று. மாற்றிக் கட்டியோர் தூண்களைத் தகர்க்கவில்லை. தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பினர். உட்கோயிலின் சுவர்களில் பக்கத்துக்கு எட்டு வளைவுகளைத் திறந்தனர். அரபியர் ஆட்சியில் அது மசூதியாகவும் இருந்தது. 1693-இன் நிலநடுக்கம் முகப்பை வீழ்த்திற்று. தூண்களோ இன்றும் சுவருக்குள் நிற்கின்றன.

"அந்தத் தூணைத் தொட்டதும் எங்கள் அப்பா வீட்டு நினைவு வந்துவிட்டது, சாமி" என்றார் அம்மையார்.

கணவர் தலைகுனிந்தார். 25 ஆண்டுகளாக மாமனார் வீட்டுப் படியை மிதியாதவர் அவர். மனைவி மட்டும் தனியே போய் வருவார். வந்தபின் அவ்வீட்டைப் பற்றி வாய் திறவார். விசுவாசத்தைக் காக்கும் வழி இதுவென்றே நம் குடும்பங்கள் பல எண்ணுகின்றன. நான்காம் கட்டளையை ஞானஸ்நானத் தண்ணீர் கழுவிவிடுகிறதா என்ன?

அம்மையாரின் தந்தைக்கு இப்போது 82 வயது. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் இருவருமாக அங்கே செல்வதாகக் கணவரே கூறினார். பேருந்து நேரத்தையும் நம்மிடமே கேட்டுக்கொண்டார்.