முத்திரை குத்தின நேரம்

ஆன்லைன்ல செஸ் ஆடுற எல்லாருக்கும் ஒரு பொதுவான வயித்தெரிச்சல் உண்டு. எதிராளி கடிகாரத்துல நாலு செகண்ட் இருக்கும். மூணு... ரெண்டு... கொடி விழப்போகுதுன்னு நாம நாற்காலி நுனியில உக்காந்திருப்போம். திடீர்னு அந்தாளு ஒரு மூவ் வைப்பான். ஒண்ணரைக்கு வந்துட்ட கடிகாரம் மறுபடி மூணுக்கு ஏறும். இன்க்ரிமெண்ட் இல்லாத ஆட்டத்துல, இறங்க மட்டுமே தெரிஞ்ச கடிகாரம் எப்படிய்யா ஏறும்? உடனே நம்ம விரல் சாட் பெட்டிக்குப் போயிடும். 'திருட்டுப்பய' என்பதற்கு உலக மொழிகள்ல என்னென்ன வார்த்தை இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா ஒரு நிமிஷ புல்லட் ஆட்டம் நூறு ஆடினா போதும் :-)

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். ஆணி அதிகம், தள்ளித் தள்ளிப் போச்சு. இப்போ எழுத வச்சது என் தாய்மாமா.

மாமா தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கார். ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர். அத்தை போனப்புறம் தனிக்கட்டை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவருக்குத் துணைன்னா டேப்லெட்டும் செஸ்ஸும்தான். சாரல் சீசன்ல கரண்ட்டும் சிக்னலும் போட்டி போட்டுக்கிட்டுப் போகும். திண்ணையில ஒரு குறிப்பிட்ட தூண் பக்கத்துல உக்காந்தாத்தான் நெட் கொஞ்சமாவது கிடைக்கும். அங்க உக்காந்துதான் ஊரு உலகத்தோட ஆடுவார். ஒரு நாள் போன். குரலே சரியில்ல.

"மருமவனே, ஒருத்தன் என்னைய நேரம் திருடுதேன்னு சொல்லுதான். ஒருத்தன் இல்ல, இந்த வாரத்துல மூணு பேரு. நான் என்னத்தடே திருடுனேன்? சர்வீஸ்ல ஒரு ஸ்டாம்பு கணக்குல வரலன்னு யாரும் சொன்னது கிடையாது."

எங்கிருந்தோ ஒருத்தன் ரெண்டு வார்த்தை டைப் பண்ணிட்டுப் போயிட்டான். இங்க எழுபது வயசு மனுஷன் ராத்திரி சாப்பிடல. அப்புறம் பதினஞ்சு நாள் அந்த டேப்லெட்டையே அவர் தொடல. அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

மேட்டர் இதுதான். நேர்ல ஆடும்போது பலகைக்குப் பக்கத்துல கடிகாரம் ஒண்ணே ஒண்ணு. 1883 லண்டன் போட்டியில ரெண்டு முகம் வச்ச கடிகாரம் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். கொடி விழுந்தா ரெண்டு பேர் கண்ணுக்கும் ஒரே சமயத்துல விழும். ஆன்லைன்ல கடிகாரம் மூணு: என் திரையில ஒண்ணு, அவன் திரையில ஒண்ணு, நடுவுல சர்வர்கிட்ட ஒண்ணு. சட்டப்படி செல்லுறது சர்வர் கடிகாரம் மட்டும்தான். மத்த ரெண்டும் சும்மா ஊகம். நடுவுல சேதி போய்ச் சேர நேரம் ஆகுதே, அந்த நேரம் யார் கணக்குல சேரணும்? சண்டை அத்தனைக்கும் மூலம் இந்தக் கேள்விதான்.

அது கொஞ்ச நேரம்தானேன்னு நினைக்காதீங்க. லிசெஸ் சர்வர் பிரான்ஸ்ல இருக்கு. சென்னையிலேர்ந்து நேர்கோட்டுல சுமார் 8000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படின்னா போக 40 மில்லிசெகண்ட், வர 40. இது இயற்கை வாங்குற வரி, எவ்வளவு காசு கொடுத்தாலும் குறைக்க முடியாது. கடலுக்கடியில கேபிள் நேர்கோட்டுலயா போகுது? அது சுத்திச் சுத்தித்தான் வரும், அதனால நடைமுறையில இன்னும் அதிகம். இதுக்கு மேல மாமா வீட்டுத் திண்ணைத் தூண் இருக்கே, அது தனி. வழியில ஒரு பாக்கெட் தொலைஞ்சா, அது திரும்ப வந்து சேர்ற வரைக்கும் பின்னாடி வந்ததெல்லாம் வரிசையில காத்து நிக்கணும். ரேஷன் கடை மாதிரி. மூவுக்கு 0.3 செகண்ட்னு வச்சுக்கிட்டாலும் 60 மூவுக்கு 18 செகண்ட். ஒரு நிமிஷ ஆட்டத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, ஒரு மூவும் யோசிக்காமலே காலி.

இந்தத் தலைவலி 1992-ல இன்டர்நெட் செஸ் சர்வர் ஆரம்பிச்ச காலத்துலயே வந்துடுச்சு. அப்போ டெல்நெட்ல, எழுத்தாலயே வரைஞ்ச பலகையில ஆடினாங்க. நெட் மெதுவா இருந்தவன் யோசிக்காமலே நேரத்துல தோத்தான். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர் அந்த சர்வரைக் கையில எடுத்தப்புறம் டைம்ஸ்டாம்ப்னு ஒரு நிரல் வந்தது. ஆடுறவன் மெஷின்லயே ஓடும். சேதி வந்து சேர்ந்ததுக்கும் நாம மூவ் வச்சதுக்கும் நடுவுல ஆன நேரத்தை அங்கேயே அளந்து, மூவோட சேர்த்து அனுப்பும். வழியில ஆன தாமதம் கணக்குல வராது. 1995-ல அந்த சர்வர் ஐசிசின்னு காசு வாங்கும் சேவையா மாறினப்போ கோவிச்சுக்கிட்டுப் போனவங்க ஃபிக்ஸ்னு இலவச சர்வர் தொடங்கினாங்க. அங்கயும் இதே வேலைக்கு ஒரு நிரல், பேரு டைம்சீல். காலத்துக்குப் போட்ட முத்திரை!

இதை மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கவே வேண்டியிருக்கல. அவர் இளவட்டமா இருந்தப்போ போஸ்ட் கார்டுல செஸ் ஆடினவர். (கார்டு செஸ் தெரியாதவங்களுக்கு: ஒரு கார்டுல ஒரு மூவ் எழுதி அனுப்பணும், பதில் வர வாரக்கணக்காகும், ஒரு ஆட்டம் முடிய வருஷமே ஆகலாம். நமக்கெல்லாம் பொறுமை எங்க இருக்கு!) சர்வதேசக் கடிதச் செஸ்ல 10 மூவுக்கு 30 நாள் யோசிக்கலாம். ஆனா கார்டு ரயில்லயும் கப்பல்லயும் கிடந்த நாள் அந்த 30-ல சேராது. கார்டு கைக்கு வந்த தேதிக்கும் பதில் கார்டுல தபால் முத்திரை விழுந்த தேதிக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

"மாமா, இப்பவும் அதேதான். உங்க டேப்லெட்ல ஒரு சின்ன போஸ்ட் ஆபீஸ் இருக்கு. நீங்க காய் நகர்த்தின நேரத்தை முத்திரை குத்தி அனுப்புது. சேதி வர்ற வரைக்கும் அவன் திரையில உங்க கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். வந்தப்புறம் சர்வர் முத்திரையைப் பார்த்து நேரத்தைத் திருப்பித் தருது. அவனுக்கு அது ஏறின மாதிரி தெரியுது."

"அப்போ ஏறுனது எனக்கு உள்ள நேரம்தானா?"

"உங்க நேரம்தான் மாமா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: "சரிடே, அந்த போஸ்ட் மாஸ்டரே கள்ளனா இருந்தா?"

சரியான இடத்துல கை வச்சார். முத்திரை குத்துற நிரல் ஆடுறவன் மெஷின்லதான் இருக்கு. அதைப் பிரிச்சு மேஞ்சு, பத்து செகண்ட் யோசிச்சுட்டு ரெண்டு செகண்ட்னு பொய் முத்திரை குத்த முடியுமா? கொள்கையளவுல முடியும். பூட்டையும் சாவியையும் ஒருத்தன் கையிலயே கொடுத்துட்டு எத்தனை நாளைக்குத் திறக்க மாட்டான்னு நம்புறது? டைம்சீலை உடைச்சு உள்ளே என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க இருந்தாங்க. அதனாலதான் சில சர்வர்கள் இந்த ஈட்டுக்கு ஒரு உச்சவரம்பு வைக்குது. லிசெஸ் நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கு, அதுலயும் வரம்பு இருக்கறதைப் பார்க்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல லேக் வந்தா அது உன் தலையெழுத்து. இந்த வரம்பு கள்ளனைத் தடுக்கும். ஆனா சாரல்ல நனையற கேபிளையும் சேர்த்துத் தண்டிக்கும். வரம்பே வேண்டாம்னா கள்ளனுக்குக் கொண்டாட்டம், ஈடே வேண்டாம்னா நல்ல ஃபைபர் வச்சிருக்கறவனுக்குக் கொண்டாட்டம். ஈடு தரலைன்னா மாமா திரையில நேரம் சட்டுனு குறையும், "சர்வர் என் நேரத்தைத் தின்னுடுச்சு"ன்னு அவர் கத்துவார். எப்படிச் செஞ்சாலும் ஒருத்தருக்குத் திருட்டுப் போன உணர்ச்சி நிச்சயம்.

நிஜமான கடிகாரத் திருட்டு பெரும்பாலும் இவ்வளவு புத்திசாலித்தனமா நடக்கறதில்லைங்கறது என் கருத்து. முத்திரையை உடைக்கற அளவுக்கு மூளை இருக்கறவன் நேரா கம்ப்யூட்டர் எஞ்சினைத் திறந்து வச்சுக்கிட்டு ஆடிட்டுப் போவான். மத்தவங்க செய்யறது சில்லறை வேலை. தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் வயரைப் புடுங்குறது. ஃபிக்ஸ்ல தொடர்பு அறுந்தா ஆட்டம் ஒத்திவைக்கப்படும், அப்புறம் அந்த ஆள் நம்ம கண்ணுலயே பட மாட்டான். இதுக்குன்னே நோஎஸ்கேப்னு ஒரு ஏற்பாடு வச்சாங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஓடிப்போனவன் தோத்தவன். இன்னொரு ரகம், ராணியைப் பறிகொடுத்துட்டு மிச்சமிருக்கற பத்து நிமிஷத்தையும் ஒரு மூவ் வைக்காம ஓட விடுறவன். இவனுக்கு லேக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வெறும் கொழுப்பு.

பெரிய மனுஷங்களுக்கும் இதே கதைதான். 2020-ல ஃபிடே ஆன்லைன் ஒலிம்பியாட் நடத்தினாங்க, 163 அணி. நம்ம அணியில ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்தாங்க. காலிறுதியில ஆர்மீனியாவோட ஆட்டம். நிஹல் சரினோட ஆடின ஹைக் மார்ட்டிரோஸ்யனுக்குத் தொடர்பு அறுந்து நேரத்துல தோத்தார். ஆர்மீனியா முறையிட்டது. இணைப்பு ஆட்டக்காரர் பொறுப்புன்னு விதி, முறையீடு தள்ளுபடி. அவங்க போட்டியை விட்டே வெளிய போயிட்டாங்க. ரெண்டே நாள் கழிச்சு, ஆகஸ்ட் 30, ரஷ்யாவோட இறுதி. முதல் சுற்று 3-3 சமன். ரெண்டாவது சுற்றுல உலகம் பூரா நெட் படுத்துச்சு, நம்ம நிஹலும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பு போய் நேரத்துல தோத்தாங்க. இப்போ முறையிட்டது நாம. ஃபிடே ரெண்டு நாட்டுக்கும் தங்கம்னு அறிவிச்சது. ஒரு ஆள் வீட்டு நெட் போறதும் உலக நெட் போறதும் ஒண்ணில்லன்னு அதுக்கு நியாயம் சொல்லலாம்தான். நானும் அன்னிக்கு டிவிட்டர்ல கை தட்டினவன்தான். ஆனா யெரெவான்ல உக்காந்து அந்தச் செய்தியைப் படிச்சவன் என்ன நினைச்சிருப்பான்?

அதே வருஷம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில சீனாவிலிருந்து ஆடின டிங் லிரெனுக்குத் தொடர்பு அறுந்து ஒரு ஆட்டம் போச்சு. அடுத்த ஆட்டத்துல கார்ல்சன் ஆரம்பத்துலயே ராணியை வேணும்னே கொடுத்துட்டு ராஜினாமா பண்ணினார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லல.

மாமாவுக்கு நான் சொன்ன வைத்தியம் சிம்பிள். சாட்டை மூடி வைங்க. மூணு நிமிஷ ஆட்டத்தை விட்டுட்டு பதினஞ்சு நிமிஷம், மூவுக்குப் பத்து செகண்ட் கூடுற ஆட்டத்துக்குப் போங்க. (இந்தக் கூடுற கடிகாரம் பாபி ஃபிஷர் 1988-ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சது, 1992-ல ஸ்பாஸ்கியோட மறுபடி ஆடினப்போ அதை வச்சுத்தான் ஆடினார்.) அரை செகண்ட் லேக் இருந்தா என்ன, பத்து செகண்ட் வருதே, அதுல கரைஞ்சு போயிடும்.

இப்போ மறுபடி ஆடுறார். போன வாரம் பேசும்போது சொன்னார், எதிராளி ஒரு சிப்பாய், ஒரு யானை கம்மி, திடீர்னு ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்துல திரையில ரெண்டு பட்டன் வந்துச்சாம், வெற்றின்னு எடுத்துக்கறியா, டிரான்னு விட்டுடறியான்னு.

"டிராவ அமுக்கிட்டேன்."

"மாமா! அவன் தோக்குற பொசிஷன். வேணும்னே ஓடியிருப்பான்."

"இருக்கும். அங்கயும் மழையோ என்னவோ."

நானா இருந்தா வெற்றியைத்தான் அமுக்கியிருப்பேன். சொன்னேன், சிரிச்சார். ரேட்டிங்ல எட்டு பாயிண்ட் போச்சுங்க :-(