கடை சாத்திய பிறகு

காராச்சேவைச் சூட்டோடு பொட்டலம் கட்டினால் எண்ணெய் படர்ந்து, காகிதத்தின் உள்பக்க எழுத்தெல்லாம் வெளியே தெரியும். சாத்தூரில் எங்கள் தெருமுனைக் கடையில் அப்படித்தான் கட்டிக் கொடுப்பார்கள். அடுப்படியில் நிற்கிற அண்ணாச்சி, சட்டிக்குக் குறுக்கே ஓட்டைக் கரண்டியை வைத்து, ஒரு உருண்டை மாவை அதில் போட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்ப்பார். சரக், சரக் என்று ஒரு சத்தம். கீழே கடலையெண்ணெயில் மாவு இழை இழையாக விழுந்து பொங்கும். கடலை மாவு, அரிசி மாவு, ஊறவைத்து ஆட்டிய மிளகாய் வத்தல், பூண்டு, உப்பு. அவ்வளவுதான் அதில். “எல்லாம் வைப்பாத்துத் தண்ணி செய்ற வேலை” என்று ஊரே சொல்லும். நானும் சொல்லுவேன்.

2003-இல் லண்டனுக்கு வேலைக்குப் போனபோது அம்மா அந்தச் சேவில் இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தாள். மூன்று வாரம் வந்தது. கடைசியில் டப்பாவின் அடியில் கிடந்த தூளைத் தயிர்ச்சோற்றில் போட்டுப் பிசைந்து தின்றேன். மறுநாளிலிருந்து நம்ம சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் ‘இந்தியன்’ என்று பலகை போட்டிருந்த கடைக்கு. கோர்மா, மெட்ராஸ், விண்டாலூ என்று பட்டியல். மெட்ராஸ் என்ற பெயரைப் பார்த்ததும் வேறெதையும் யோசிக்கவில்லை. வந்தது சிவப்பாக ஒரு குழம்பு. காரம் இருந்தது. கறிவேப்பிலை இல்லை, புளி இல்லை. மெட்ராஸ் என்பது அங்கே ஊரின் பெயர் இல்லை, காரத்தின் அளவு. வெங்காயத்தை வேகவைத்து அரைத்துக் காலையிலேயே ஒரு பெரிய பானை குழம்பு காய்ச்சி வைத்துவிடுவார்கள். அதில் கிரீம் சேர்ந்தால் கோர்மா, மிளகாய்த்தூள் சேர்ந்தால் மெட்ராஸ், இன்னும் சேர்ந்தால் விண்டாலூ. விண்டாலூவோ ஒயினும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த இறைச்சிக்குப் போர்த்துகீசியர் வைத்திருந்த பெயர். அது கோவாவில் உருமாறி லண்டனுக்கு வந்து சேர்ந்தது.

பரிமாறியவருக்கு ஊர் வங்கதேசத்தின் சில்ஹெட். பிரிட்டனில் ‘இந்தியன்’ கடைகளில் பெரும்பாலானவை சில்ஹெட்காரர்கள் நடத்துபவை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கப்பலில் கரி அள்ளிப் போட்ட மனிதர்கள் லண்டன் துறைமுகத்தில் இறங்கித் தங்கி, கடைகளில் பாத்திரம் கழுவி, பிறகு சொந்தமாகக் கடை போட்டார்கள். அந்த ஊர்க்காரனுக்குப் பிடித்த ருசியில் சமைத்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். ஒருநாள் அவரிடமே கேட்டேன், “நீங்க என்ன சாப்பிடுவீங்க?” சோறும் மீனும் என்றார். சாத்கரா என்று ஒரு கிச்சிலி வகை, அதன் தோலோடு போட்டுக் கொதிக்கவைத்த மீன் குழம்பு. பட்டியலில் அது இல்லையே என்றேன். “அது எங்களுக்கு” என்றார். அந்தப் பதிலை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரீஜென்ட் தெருவில் நடந்து போகும்போது ஒரு பெயர்ப் பலகை பார்த்து நின்றுவிட்டேன். வீராசாமி. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வீராசாமி உண்டு. கட்டை அடுக்கிய கூலி வாங்கத் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நிற்பார்கள், சந்தையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பெயர் 1926-லிருந்து லண்டனின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. தொடங்கியவர் எட்வர்ட் பாமர், இந்தியாவில் படைத்தளபதியாக இருந்த ஓர் ஆங்கிலேயருக்கும் ஒரு முகலாயப் பெண்ணுக்கும் பிறந்த வம்சத்தில் வந்தவர். பிரிட்டனில் அப்போது நடந்துகொண்டிருந்த இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் மிகப் பழையது அதுதான். உள்ளே போகிற அளவுக்கு அப்போது கையில் பணம் இல்லை.

அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாட்னாவில் பிறந்த தீன் முகமது, 1810-இல் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தானி காபி ஹவுஸ் திறந்தார். ஹூக்கா, மூங்கில் நாற்காலி, மசாலாச் சாப்பாடு என்று இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய துரைமார்களை நம்பித் திறந்த கடை. 1812-இல் அவர் திவாலானார். அந்தத் துரைமார்களில் பலர் சமையல்காரரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அவர் தொலைத்த பணத்தைவிட, லண்டனில் அவர் தன் வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பார் என்பதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாம் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தமிழில் பலகை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம். 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் பலர் குடியேறிய பகுதி அது. கொத்து ரொட்டி போடுகிற தகரச் சத்தம் கேட்டு அழுகை வந்தது. யாழ்ப்பாணத்துத் தூளின் வறுத்த மணம் வேறு. அதை இன்றும் விரும்பித் தின்கிறேன், ஆனால் அது அவர்கள் ஊர். நம் பக்கத்துக் கடைகளும் இருந்தன. தோசை, செட்டிநாட்டுக் கோழி, பொங்கல், எல்லாம் நன்றாகவே இருந்தன. இருந்தாலும் தென்னிந்தியச் சாப்பாடு என்று ஒரு ஊர் கிடையாதே. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் 25 கிலோமீட்டர் சொச்சம். அங்கே புரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து, நொறுக்கி, தண்ணீர்ச் சால்னாவில் ஊறவைத்துத் தின்பார்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. பஸ் ஒரு மணி நேரம் ஓடினால் நாக்கு மாறுகிற சீமை இது. அதை ஒரே பட்டியலில் எப்படி அடைப்பது?

ஜனவரி மாதம், ராத்திரி பதினொன்றரை. வேலை முடிந்து ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். “அண்ணாச்சி, சாத்தியாச்சு” என்றார்கள். திரும்பப் போனவனை ஒரு வாசம் பிடித்து நிறுத்தியது. கசப்பும் புளித்த மோரும் கலந்து எண்ணெயில் கருகுகிற வாசம்.

“மிதுக்க வத்தல்தான அது?”

அடுக்களையிலிருந்து ஒருவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“சாத்தூர்.”

“நமக்கு ஏழாயிரம்பண்ணை” என்றார். “உள்ள வாங்க.”

கரிசக்காட்டில் மழை பெய்தால் தானாகப் படரும் கொடி மிதுக்கு. சின்னக் காய். உப்புப் போட்டு மோரில் ஊறவைத்து வெயிலில் காய வைப்போம். சோற்றுக்கு வெஞ்சனம் இல்லாத நாளில் நாலு வறுத்தால் போதும். ஐந்து பேர் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சுடுசோறு, பூண்டு தட்டிப் போட்ட ரசம், காணத் துவையல், வத்தல். பகலெல்லாம் அந்தக் கைகள் வெண்ணெய்க் கோழியும் நான் ரொட்டியும் போட்ட கைகள். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். வத்தல் பல்லில் நொறுங்கியதும் கசப்பு முதலில் வந்தது, புளிப்பு பிறகு. யாரும் பேசவில்லை. சில்ஹெட்காரர் சொன்ன “அது எங்களுக்கு” என்ற வார்த்தை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியூரில் நல்ல சாப்பாடு எங்கே என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இன்றும் கடைப் பெயர் சொல்வதில்லை. சமைக்கிறவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று விசாரியுங்கள் என்பேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்ததும் அவர் கொடுத்த விலாசத்தோடு ஏழாயிரம்பண்ணை போனேன். அவருடைய அம்மா திண்ணையில் சாக்கை விரித்து வத்தல் புடைத்துக்கொண்டிருந்தார்.

“அங்கன சாப்பாடெல்லாம் கெடைக்குதாய்யா?”

“கெடைக்குதும்மா. உங்க மகன் கையால தின்னுட்டுத்தான் வாரேன்.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சப்பை நிறைய வத்தலை அள்ளிப் போட்டு, வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, இன்னும் ஒரு கை போட்டுக் கட்டினார்.

சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருமுனைக் கடையில் சரக், சரக். இரண்டு கிலோ சேவு வாங்கினேன். பையில் வைக்கும்போதே காகிதத்தில் எண்ணெய் படர ஆரம்பித்திருந்தது. வத்தல் பையில் படாமல் இருக்க நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்தேன்.