பொட்டு வைத்த டம்ளர்

பொங்கல் விடுமுறைக்கு அடையாறில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். "தாத்தா, இந்தத் தடவை நான் ஊர் சுத்திக் காட்டுறேன்" என்றாள் கல்லூரியில் படிக்கும் பேத்தி. காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் ஒரு சுவர். சுவரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "வந்து பாருங்க" என்றாள்.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பள்ளிச் சுற்றுலாவில் வந்தபோது பார்த்ததில் திமிங்கில எலும்புக்கூடு மட்டும்தான் நினைவில் நின்றது. இந்த முறை வெண்கலப் படிமங்கள் இருக்கும் கூடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. திருவாலங்காட்டு நடராஜரின் முன் பேத்திகூடப் பேசாமல் நின்றாள். இங்குள்ள படிமங்களில் பல, மண்ணுக்கடியில் கிடந்து, தோண்டும்போது அகப்பட்டவை. எந்தத் தெய்வம், எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காலமெல்லாம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எதற்கும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால்தான் எனக்கு நிம்மதி.

மாலையில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போனோம். நிலையத்தின் வெளிச்சுவர் நெடுக மனித முகங்கள். சென்னை ஓவியர் ஏ-கில் தன் குழுவினரோடு வரைந்தது. நம் தெருவில் பார்க்கும் சாதாரண மனிதர்கள்தான். "இதுல சிலருக்கு எச்.ஐ.வி. இருக்கு, சிலருக்கு இல்லை. யாருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் பேத்தி. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தெரியவில்லை. "தெரியாது தாத்தா. அதுக்குத்தான் வரைஞ்சிருக்காங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது.

1990-களில் என் பிரிவில் ஒரு தம்பி வேலை பார்த்தார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு 'அந்த நோய்' என்று ஒருநாள் பேச்சு கிளம்பியது. உண்மையா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. தேநீர் கொண்டுவரும் பையனிடம் "அவர் டம்ளரைத் தனியா வை" என்று சொன்னவன் நான்தான். பையன் அடையாளத்துக்கு அதன் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் இதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். டம்ளரால் பரவாது என்று நான் அந்த வேலையைச் செய்த நாளிலேயே மருத்துவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பத்திரிகையில் நானும் படித்திருந்தேன்.

தம்பி பொட்டைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு அலுவலகத்தில் தேநீர் குடிக்கவில்லை. சில மாதங்களில் மாற்றல் வாங்கிக்கொண்டார். "வர்றேண்ணே" என்று விடைபெற வந்தபோது கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "சரி" என்றேன். இன்று எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ.

திரும்பும் வழியில் பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அவர் பேரு என்ன தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன்.

சென்னை பக்கம் போனால் இரண்டு இடங்களையும் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சுவருக்கு விடுமுறை கிடையாது.